தேயிலை மலையில் கற்கருவியும் வெள்ளிக் காசும்: கள ஆய்வைப் படிப்படியாகச் செய்யும் முறை

இலங்கை மலையகத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளை, மஸ்கெலியா பக்கங்களில் முதல் தடவையாக அகழ்வாய்வுக்கு இறங்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மலைகளில் ஒரே சரிவில் இரண்டு வகைப் பொருள் கிடைக்கலாம். ஒன்று, கற்கால மனிதர் உடைத்துச் செய்த சின்னஞ்சிறு கற்கருவிகள். மற்றது, பல ஆயிரம் வருடங்கள் கழித்து யாரோ குழி தோண்டிப் புதைத்த வெள்ளி.

வெள்ளி தலைகாட்டியதும் எல்லார் கண்ணும் அதிலேயே போய் நிற்கும். சுற்றியிருந்த மண்ணும் கல்லும் மண்வாளியோடு போய்விடும். அதோடு அந்த வெள்ளி எப்போது, எப்படி அங்கே வந்தது என்பதற்கான சாட்சியும் போய்விடும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. மம்பட்டியைத் தொடும் முன் அனுமதி

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளைத் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் உத்தரவுப் பத்திரம் வேண்டும். சொந்த நிலமாக இருந்தாலும் இதே விதிதான். தோட்டத் துரை சம்மதித்தார், பரம்பரைக் காணி என்பதெல்லாம் தனியே பெற வேண்டிய சம்மதங்கள். அவை உத்தரவுப் பத்திரத்துக்குப் பதிலாகாது.

பல்கலைக்கழகம் வழியாகவோ தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வழியாகவோ போவதே நடைமுறைக்கு ஒத்துவரும். விண்ணப்பத்தில் இடத்தின் வரைபடம், எத்தனை குழி, என்ன ஆழம், கிடைப்பதை எங்கே வைப்பீர்கள், யார் பேணுவார் என்று எழுதுங்கள். வெள்ளி கிடைக்க வாய்ப்பிருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பாதுகாப்புக்கும் பேணலுக்கும் ஆள் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும்.

பிரதேச செயலகம், கிராம அலுவலர், பொலிஸ் நிலையம் மூன்றுக்கும் உத்தரவின் பிரதி போக வேண்டும். மலையில் புதையல் தோண்டுகிறவர்கள் உண்டு. குழி வெட்டுகிற கூட்டத்தைப் பார்த்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மக்கள் பொலிசுக்குச் சொல்வார்கள். அவர்கள் செய்வது சரி.

உலோகம் காட்டும் கருவியைக் கொண்டுபோவதானால் அதுவும் அனுமதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

2. மலையைத் தெரிந்தவர்களிடம் கேட்பது

தோட்டத்து மண் அடிக்கடி கிளறப்பட்ட மண். முதலில் காடோ பத்தனைப் புல்வெளியோ, அதை அழித்து எரித்துக் கோப்பி, கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை, பிறகு கான் (வடிகால்) வெட்டு, முள்ளுக் குத்து (இரும்பு முள்ளால் மண்ணைக் குத்தி இளக்குவது), மறுநடவு. ஒவ்வொன்றும் மண்ணில் குழியோ வெட்டோ விட்டுப் போயிருக்கும். இது தெரியாமல் இறங்கினால் பழைய கோப்பிக் குழியைக் கற்காலக் குழி என்று வரைந்துகொண்டு வருவீர்கள்.

தோட்ட அலுவலகத்தில் மலைகளின் இலக்கப் படம் இருக்கும். எந்த மலை எந்த வருடம் நடப்பட்டது, எங்கே கான் திசை மாற்றப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓய்வு பெற்ற கவ்வாத்துக்காரர் (தேயிலைச் செடியை வெட்டித் தாழ்த்துகிறவர்), கான் வெட்டியவர், பழைய கணக்கப்பிள்ளை இவர்களைப் பாருங்கள். "தம்பி, இந்தக் கல்லு அஞ்சாம் நம்பர் மலையில கான் வெட்டுறப்ப எப்பவும் வரும், மேல் மலையில வராது" என்று ஒருவர் சொன்னால் அது பல நாள் நடையை மிச்சப்படுத்தும். சொன்னவரின் பெயரைச் சம்மதம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தத் தகவல் அவருடையது.

புதையல் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். கேட்டால் அடுத்த வாரமே யாராவது இரவில் வந்து தோண்டுவார்கள்.

3. காலமும் சாமானும்

ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு. ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பார்க்கலாம். வரட்சி முற்றிய நாளும் நல்லதல்ல. மண் முழுக்கக் காய்ந்தால் அடுக்குகளின் நிற வேறுபாடு மறைந்துவிடும்.

எடுத்துப்போக வேண்டியவை: மேசன் கரண்டி, மண்வாளி, 2 மில்லிமீற்றர் கண்ணுள்ள சல்லடை, அளவு நாடா, தூக்குக் குண்டு, டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி), கமரா, அளவுக்கோல், வடக்கு அம்பு, மண்நிற அட்டை, கைத்தெளிப்பான், பொலித்தீன் பைகள், பென்சில், நீரில் கரையாத தாள். வெள்ளிக்காக அலுமினியத் தாள், சாப்பாடு சுற்றும் மெல்லிய பொலித்தீன், பிளாஸ்டர் பண்டேஜ், சிலிக்கா ஜெல், மெல்லிய தகரத் தகடு. இவை முதல் நாளிலிருந்தே களத்தில் இருக்க வேண்டும். காசு வெளியே வந்தபின் பண்டேஜ் வாங்க டவுனுக்கு ஆள் அனுப்பினால், அவர் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

குளவிக்கூடு இருக்கிறதா என்று மலையைச் சுற்றிப் பார்த்த பின்பே ஆட்களை இறக்குங்கள். குளவி கொட்டித் தோட்டங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த பகுதியாக இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. இதில் பேரம் பேசக் கூடாது.

4. நிலைப்புள்ளியும் கட்டமும்

எல்லா அளவும் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். அதை நிலத்தோடு ஒட்டிய பாறையிலோ கோவில் அத்திவாரத்திலோ குறியுங்கள். மரக்கட்டையில் வைத்தால் அடுத்த வருடம் அது விறகாகியிருக்கும்.

சரிவில் புதியவர்கள் தவறுவது இங்கேதான். நாடாவைத் தரையோடு தரையாக இழுத்து அளக்கிறார்கள். 20 பாகை சரிவில் தரையோடு 10 மீற்றர் அளந்தால் கிடைத்தளத்தில் அது 9.4 மீற்றர்தான். கட்டம் கீழே போகப் போகக் கோணிவிடும். நாடாவை மட்டமாகப் பிடித்து, தூக்குக் குண்டு விட்டு, சிறு சிறு துண்டாக அளந்து இறங்குங்கள். கைபேசியின் ஜிபிஎஸ் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க உதவும். காசு எந்த மூலையில் கிடந்தது என்பதை அது சொல்லாது.

5. மேற்பரப்பு நடை: எந்தக் கல் கருவி?

கவ்வாத்து முடிந்த மலையில் நடப்பதே நல்லது. செடி தாழ்ந்து தரை தெரியும். வரிசைகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக அல்ல, பக்கம் பக்கமாக நடந்து, கண்ட கல்லுக்குப் பக்கத்தில் கொடி ஊன்றுங்கள். இடத்தை அளந்து முடிக்கும்வரை கல்லை எடுக்க வேண்டாம்.

மலையகத்துக் கற்கருவிகளில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது தோட்டத்தில் எல்லாரும் மிதித்துப் போகும் வெள்ளைக் கல். மீதி பெரும்பாலும் சேர்ட் என்னும் நுண்மணிக் கடினக் கல். குவார்ட்ஸ் இயற்கையிலேயே கோணல்மாணலாக உடையும் என்பதால் அதைப் பிரித்தறியப் பழக்கம் வேண்டும். நான் பார்க்கும் வரிசை இது: அடி விழுந்த தட்டையான பகுதி இருக்கிறதா, அதன் கீழ் லேசான புடைப்பு உண்டா, முன்னர் சில்லு பெயர்ந்த தழும்புகள் ஒரே திசையில் ஓடுகின்றனவா, ஒரு விளிம்பு மட்டும் சீராகக் கொத்தி மழுக்கப்பட்டிருக்கிறதா. பிறை, முக்கோணம், சரிவகம் என்ற வடிவங்களில் விரல் நகமளவுக் கல் ஒரு விளிம்பு மழுங்கியும் மறு விளிம்பு கூராகவும் இருந்தால் அது நுண்கற்கருவி. நடுவில் குழி விழுந்த, உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கல்லையும் விட்டுவிடாதீர்கள். அது சுத்தியல் கல்லாக இருக்கலாம்.

மம்பட்டியும் முள்ளும் கூடச் சில்லுகளை உண்டாக்கும். அப்படிப்பட்ட உடைவில் மண்கறை ஏறியிராது, விளிம்பு பளிச்சென்று புதிதாக இருக்கும், சில வேளை இரும்பு உரசிய சாம்பல் கோடும் தெரியும். தெரு போட உடைத்த சல்லியும் இதே மாதிரி ஏமாற்றும். தனி ஒரு கல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில்லு பெயர்த்தெடுத்த மூலக்கல்லான கரு, சில்லு, தூள், முடித்த கருவி எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்.

எலும்பு கிடைக்கவில்லையே என்று சோர வேண்டாம். தேயிலை மண் புளிப்பு மண், எலும்பைத் தின்றுவிடும். கித்துல்கலை பெலிலென, குருவிட்ட பட்டதொம்பலென போன்ற குகைகளில் எலும்பு தப்பியதற்கு அங்குள்ள வேறு சூழல் காரணம். திறந்த சரிவில் எலும்பு இல்லாததால் மனிதர் இருந்ததில்லை என்றாகாது.

கற்கருவிகளைத் தனித்தனிப் பையில் போடுங்கள். ஒரே பையில் குலுங்கினால் விளிம்புகள் உடைந்து, கற்கால மனிதன் கொத்தியது போலவே தெரியும். பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

6. சோதனைக் குழிகள்

1 மீற்றருக்கு 1 மீற்றர் குழிகளை மேட்டிலிருந்து அடிவாரம் வரை ஒரே கோட்டில் வையுங்கள். மேட்டில் மண் கழுவப்பட்டு மெலிந்திருக்கும். அடிவாரத்தில் அந்த மண் தடித்துக் கிடக்கும். அடிவாரத்தில் ஏராளமாகக் கருவி கிடைத்தால் அதுதான் குடியிருப்பு என்று குதிப்பார்கள். மழை உருட்டிக் கொண்டுவந்த கல்லாக இருக்கலாம். விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும். நடுக் குழிகளோடு ஒப்பிட்டால் நிச்சயமாகும்.

மண்ணைக் குழியின் கீழ்ப்பக்கம் கொட்டுங்கள். மேல்பக்கம் கொட்டினால் ஒரு மழையில் எல்லாம் குழிக்குள் வரும்.

கூழாங்கல் அடுக்கு வந்ததும் அடி வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். கருவிகள் அதற்குள்ளும் அதற்குக் கீழும் இருக்கலாம். உக்கிய பாறையைத் தொடும்வரை ஒரு மூலையாவது இறங்க வேண்டும். 1.2 மீற்றருக்கு மேல் ஆழம் போனால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், அல்லது படியாக வெட்டுங்கள்.

7. அடுக்குப்படி தோண்டுதல்

விதி ஒன்றுதான்: கடைசியாக வந்ததை முதலில் எடு. மேலே கிடக்கும் அடுக்கு, அதை வெட்டிய குழி, குழிக்குள் நிரம்பிய மண் இவற்றை, உண்டான வரிசைக்குத் தலைகீழாக எடுத்து வர வேண்டும். அடுக்கு தெளிவாகத் தெரியாத இடத்தில் மட்டும் 5 சென்ரிமீற்றர் படியாக இறங்கலாம்.

ஒவ்வொரு படிக்கும் தரையைக் கரண்டியால் சுரண்டித் துப்பரவாக்கி, கைத்தெளிப்பானால் லேசாக நனைத்து, குடையால் நிழல் போட்டுப் பாருங்கள். குழி இருந்தால் அதன் விளிம்பு நிற வட்டமாகத் தெரியும். உள்ளே மண் இளகியிருக்கும், கலந்திருக்கும். முள்ளம்பன்றி வளை, காட்டுப்பன்றி கிளறியது, வேர் அழுகிய துளை, புற்று எல்லாமே இப்படித் தெரியலாம். வளை பக்கவாட்டில் ஓடும், வேர்த்துளை கீழே போகப் போக ஒடுங்கும், மனிதன் வெட்டிய குழிக்குச் சுவரும் அடியும் இருக்கும்.

குழியென்று தெரிந்தால் பாதியை மட்டும் எடுங்கள். நடுவில் நிற்கும் வெட்டுமுகத்தை வரைந்து, படமெடுத்து, பிறகு மறுபாதி. குழியின் வெட்டுக்கு ஒரு இலக்கம், உள்ளே நிரம்பிய மண்ணுக்கு வேறு இலக்கம். வெட்டுவது ஒரு செயல், நிரப்புவது இன்னொரு செயல். இரண்டுக்கும் நடுவே காலம் போயிருக்கலாம்.

எல்லா மண்ணும் சல்லடைக்குப் போக வேண்டும். 5 மில்லிமீற்றர் கண்ணில் சிறு நுண்கற்கருவிகள் நழுவிவிடும். களிமண் கட்டியாக நின்றால் தண்ணீரில் அலசிச் சலியுங்கள். கையால் நசுக்கித் தேய்க்க வேண்டாம்.

8. வெள்ளி தெரிந்தால்

முதலில் கையை எடுங்கள். ஒரு காசை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குவதே இந்த வேலையில் கடினமான பகுதி. நீண்ட காலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும், இழுத்தால் முறியும். அது பளபளக்கவும் செய்யாது. கருப்பாகவோ மங்கிய சாம்பலாகவோ, செம்பு கலந்திருந்தால் பச்சையாகவோ இருக்கும்.

உள்ளதை உள்ளபடி படமெடுத்து, நிலைப்புள்ளியிலிருந்து மூன்று அளவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு குழியின் விளிம்பைத் தேடுங்கள். விளிம்பு கிடைக்கும்வரை வெள்ளியை அசைக்கக் கூடாது. விளிம்பு எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டிருக்கிறது என்பதே, எந்தத் தரையில் நின்று ஒருவர் அதைப் புதைத்தார் என்பதைச் சொல்லும்.

காசுகள் குவியலாக இருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்காதீர்கள். அவை அடுக்கிக் கிடக்கும் விதத்தில்தான் துணிப் பையா, சட்டியா, மூங்கில் குழாயா என்பது தெரியும். செம்பு கலந்த களிம்பு துணி நூலைக்கூடக் காத்து வைத்திருக்கும். தூரிகை பட்டால் அது போய்விடும். சுற்றிலும் சில அங்குலம் மண் விட்டுப் பீடமாகச் செதுக்கி, மெல்லிய பொலித்தீன், அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் பிளாஸ்டர் பண்டேஜ் என்று சுற்றுங்கள். இறுகியதும் மேல்பக்கம், வடக்கு இரண்டையும் எழுதி, அடியில் தகடு செருகி மொத்தமாகத் தூக்குங்கள். திறப்பது ஆய்வுகூடத்தில் பேணல் தெரிந்தவரின் வேலை.

தனிக் காசு என்றால் ஒட்டிய மண்ணோடு சிறு பையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ரப்பர் பட்டி கூடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். திருநீறு, புளி, தேசிக்காய் போட்டுத் துலக்குவது வீட்டுக் குத்துவிளக்குக்குச் சரி. இங்கே அது எழுத்தையும் முத்திரையையும் அரித்துவிடும்.

மலையில் கிடைக்கக்கூடிய வெள்ளியில் கவனிக்க வேண்டியது லாரின். வெள்ளிக் கம்பியை மடித்துத் தட்டி முத்திரை குத்திய நாணயம். கண்டி இராச்சியத்திலும் புழங்கியது, தூண்டில் முள் மாதிரி வளைந்தவையும் உண்டு. புதியவர்கள் உடைந்த கொக்கி என்று ஒதுக்கிவிடுவார்கள். தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில், எது தொல்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2 என்ற எல்லைத் திகதி இருக்கிறது. ஆனால் ஒரு காசு அதற்கு முந்தியதா பிந்தியதா என்று களத்தில் நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். எல்லாவற்றையும் பதியுங்கள், எல்லாவற்றையும் அறிவியுங்கள்.

மாலையில் வெள்ளி தெரிந்தால் இரவில் அதைக் குழியில் விட்டுப் போகக் கூடாது. வெளிச்சம் போதும் என்றால் அன்றே தூக்குங்கள். போதாதென்றால் திணைக்கள அலுவலரோடும் பொலிசோடும் பேசிக் காவல் போடுங்கள். கைபேசிப் படம் யாருக்கும் போகக் கூடாது. வேலைக்கு வந்த அக்காமாரையும் அண்ணன்மாரையும் பையைத் திறந்து சோதிப்பது அவமானம். அதற்குப் பதில், கிடைத்ததை எல்லார் முன்னிலையிலும் எண்ணி, பதிவேட்டில் எழுதி, கண்டவர் பெயரையும் சேர்த்து, இருவர் கையெழுத்து வாங்குங்கள். எல்லார் மேலும் சந்தேகம் விழாமல் காப்பது இதுதான்.

9. கல்லின் வயதும் வெள்ளியின் வயதும்

குழியின் மண்ணில் காசோடு கலந்து பிறை வடிவக் கற்கருவி வரும். வரத்தான் செய்யும். பழைய அடுக்கை வெட்டிக் குழி தோண்டியவர், அதே மண்ணைத் திருப்பிப் போட்டு மூடினார். ஆகவே குழிக்குள் கிடைத்த கல்லை வேறு பையில், குழி மண்ணின் இலக்கத்தோடு வையுங்கள். கற்கால அடுக்கின் கணக்கில் சேர்க்கக் கூடாது. லாரின் புழங்கிய காலத்தில் மலையில் கற்கருவி செய்தார்கள் என்று எழுதிக்கொண்டு வந்த அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

குவியலில் இருக்கும் காசுகளில் ஆகப் பிந்தியது எதுவோ, அதற்குப் பிறகே குழி மூடப்பட்டது. அதற்கு எவ்வளவு பிறகு என்பதைக் காசு சொல்லாது. மற்றக் காசுகள் எவ்வளவு பழையனவாக இருந்தாலும் அவை குழியை இன்னும் பழையதாக்காது.

கற்கால அடுக்குக்கு வயது வேண்டுமானால், குழி தொடாத இடத்திலிருந்து கரி எடுங்கள். விரல் படாமல் கரண்டி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். காகிதம், பஞ்சு வேண்டாம், புதிய கரிமம் ஒட்டிவிடும். மேல் அடுக்குகளின் கரியை நம்ப வேண்டாம். பத்தனைப் புல்லை எரிப்பது மலையில் நெடுநாள் வழக்கம். கரியே இல்லையென்றால் மண்மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் முறை இருக்கிறது. அதற்கு வெளிச்சம் புகாத உலோகக் குழாயை வெட்டுமுகத்தில் அடித்து, இரு முனையையும் உடனே மூட வேண்டும். ஆய்வுகூடத்தோடு பேசி வைக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

10. மூடுவதும் ஒப்படைப்பதும்

கடைசிப் படங்களும் நான்கு சுவர்களின் வரைபடமும் முடிந்தபின், அடியில் நெய்த பொலித்தீன் சாக்கை விரித்து, இந்த வருடத்துக் காசு ஒன்றைப் போட்டு மூடுங்கள். பின்னொரு காலத்தில் தோண்டுகிறவர் உங்கள் குழி எது என்று அறிந்துகொள்வார். மண்ணை அடுக்கடுக்காக மிதித்து இறுக்கி, மேலே மானாப்புல் நட்டு, வெட்டிய கானைப் பழையபடி திறந்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் அந்த மண் கீழே லயத்து வாசலுக்கு வந்து நிற்கும்.

ஒவ்வொரு பைக்கும் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில்: இடக் குறியீடு, குழி, அடுக்கின் இலக்கம், திகதி, எழுதியவர். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். பதிவேட்டைத் தமிழில் எழுதுவதில் தடையில்லை. பொருட்பட்டியலை மட்டும் திணைக்களத்தில் பெற்றுக்கொள்கிறவர் வாசிக்கக்கூடிய மொழியிலும் தயாரியுங்கள்.

வெள்ளியைப் பாரம் கொடுக்கும்போது படம், எண்ணிக்கை, டப்பா இலக்கம் மூன்றையும் சேர்த்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கற்கருவிகளுக்கும் அதே மாதிரிப் பற்றுச்சீட்டு கேளுங்கள். கல்லுக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அப்படியும் வாங்கிக்கொண்டே வாருங்கள், அதன் பிரதியைத் தோட்ட அலுவலகத்திலும் ஒன்று வையுங்கள்.